ஏடும் நாவும் செவியும்: யூதர் வேதவாசிப்பும் நம் கோஷ்டி ஸேவாகாலமும்

நம் கோஷ்டி ஸேவாகாலத்தின் பெருமையை எடுத்துரைக்கும் உபந்யாஸங்களிலும் மலர்க் கட்டுரைகளிலும் அண்மைக்காலமாக ஓர் ஒப்புமை அடிக்கடி தென்படுகிறது. யூதர்கள் தங்கள் வேதத்தைப் புத்தகத்தில் வைத்துக் காத்தார்கள், நாமோ நாவில் வைத்துக் காத்தோம். அவர்களுடையது கண்ணால் ஓதும் முறை, நம்முடையது செவியால் ஓதும் முறை என்பது அது. சொல்லுவோர் நல்லெண்ணத்தோடே சொல்லுகின்றனர். கேட்போரும் உகந்து தலையசைக்கின்றனர். ஆனால் இரண்டு முறைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் இவ்வொப்புமை யூதர் விஷயத்திலும் பொருந்தவில்லை, நம் விஷயத்திலும் முழுமையாகப் பொருந்தவில்லை. பொருந்தாத ஒப்புமை வெறும் அலங்காரமாய் நின்றால் பாதகமில்லை. இது அப்படி நிற்கவில்லை; பாசுரத்தை நாவினால் ஒலித்துவிட்டால் நம் கைங்கர்யம் நிறைவேறிற்று என்னும் நினைவை வளர்க்கிறது. ஆகையால் சற்று விரிவாக விசாரிக்க வேண்டியதாயிற்று.

முதலில் அவர்களுடைய முறை. யூதர்களின் ஜெபாலயத்தில் திங்கள், வியாழன், ஓய்வுநாளாகிய சனி என வாரத்தில் மூன்று நாட்கள் மோசேயின் ஐந்து நூல்களாகிய தோரா பொதுச் சபையில் வாசிக்கப்படுகிறது. இவ்வழக்கத்தை எஸ்றா என்னும் அவர்களுடைய பூர்வரோடு இணைத்துச் சொல்லுவது அவர்கள் மரபு. ஐந்து நூல்களும் 54 பகுதிகளாக வகுக்கப்பட்டு ஓராண்டில் முற்றும். பலஸ்தீனத்தில் முற்காலத்தில் ஏறக்குறைய மூன்றாண்டுகளில் முற்றும் முறையும் இருந்தது. பாபிலோனியரின் ஓராண்டு முறையே பின்னர் எங்கும் நிலைபெற்றது. முற்றும் நாளில் கடைசிப் பகுதியை வாசித்த கையோடு முதல் நூலின் தொடக்கத்தையும் வாசித்துவிடுகின்றனர். நமக்கு இருப்பதுபோல் அநத்யயன காலம் என்ற இடைவெளி அவர்களுக்கில்லை. வாசிப்பது அச்சுப் புத்தகத்திலிருந்து அன்று. தோலில் கையால் எழுதிய சுருளிலிருந்து. ஓரெழுத்துப் பிழைபட்டிருந்தாலும் திருத்தும் வரையில் அச்சுருள் வாசிப்புக்கு ஆகாது. வரியைக் கையால் தொடாமல், நுனியில் விரல் வடிவம் கொண்ட ஒரு சிறு கோலால் சுட்டிக்கொண்டே வாசிப்பர்.

இதுவரை கேட்டவர், புத்தகத்தில் வைத்துக் காத்தார்கள் என்பது சரிதானே என்பர். இங்கேதான் விசேஷம். அச்சுருளில் மெய்யெழுத்துக்களே உண்டு. உயிரொலிக் குறிகள் இல்லை. இசைக் குறிகள் இல்லை. வாக்கியம் முடியுமிடத்துக்கு அடையாளமும் இல்லை. இவையெல்லாம் பயிற்சிக்கான வேறு புத்தகங்களில் உண்டு; சபையில் விரிக்கும் சுருளில் கிடையா. சில இடங்களில் எழுதியிருப்பது ஒரு சொல்லாகவும் வாசிக்க வேண்டியது வேறொரு சொல்லாகவும் இருக்கும். அதையும் வாசிப்பவர் முன்னமே அறிந்திருக்க வேண்டும். ஆக, ஏற்கெனவே நாவில் குடியேறாத ஒன்றை அச்சுருளைப் பார்த்து ஒருவரும் வாசித்துவிட முடியாது. கண்ணெதிரில் ஏடு, நாவில் பாடம், இரண்டும் கூடினாலன்றி வாசிப்பு நடவாது.

நம்முடைய ஓலைச் சுவடிகளைக் கையாண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடில்லை. ரகரமும் காலும் ஒன்றேபோல் இருக்கும். பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்பதையும் பல சுவடிகள் சொல்லா. ஸந்தை சொல்லிப் பாடம் கேட்டவனுக்கே ஓலை பேசும். மற்றவனுக்கு அது கீறல். ஆதலால் நாமும் ஏடின்றி இருந்தவர்களல்லோம், அவர்களும் நாவின்றி இருந்தவர்களல்லர். அச்சு வந்த பிறகு எவரும் எதையும் பார்த்துப் படிக்கலாம் என்ற நிலை நமக்கு ஏற்பட்டது. அவர்களோ அச்சு வந்த பின்னும் சபைக்குரிய சுருளில் ஒரு புள்ளி சேர்க்கவும் இசையவில்லை.

விதிகளைப் பார்த்தாலும் இதுவே தெரியும். எழுத்தில் உள்ளதை மனப்பாடமாகச் சொல்லலாகாது, வாய்மொழியாக வந்ததை எழுத்திலிருந்து சொல்லலாகாது என்று இருதலையாகத் தல்மூத் விதிக்கிறது. தோராவுக்கு முதல் விதி; அதன் வியாக்கியானத்துக்கு இரண்டாவது விதி. நம் பாணினீய சிக்ஷையோ பாடகரில் கடையர் அறுவர் என்று எண்ணி, அவர்களில் எழுதியதைப் பார்த்துப் படிப்பவனையும் சேர்க்கிறது. இந்த அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, இரண்டும் நேர்விரோதம் என்பர் பூர்வபக்ஷிகள். அந்தச் சுலோகத்தை முழுதும் நோக்கவேண்டும். அறுவரில் ஒருவன் விரைந்து ஓதுபவன், ஒருவன் இசையாக இழுப்பவன், ஒருவன் தலையை ஆட்டுபவன், ஒருவன் குரல் தாழ்ந்தவன், மற்றொருவன் பொருளறியாதவன். ஏட்டைப் பார்ப்பவனும் பொருளறியாதவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முன்னவனைக் கண்டிப்பதற்கு இச்சுலோகத்தை எடுப்பவர்கள் பின்னவன் விஷயத்தில் வாய்திறப்பதில்லை.

மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இப்பொழுது கோஷ்டியில் நிற்பவர்களில் பாதிப்பேர் கையில் புத்தகமோ கைபேசித் திரையோ இருக்கிறது. கோஷ்டியில் புத்தகம் கூடாதென்னும் பெரியோர் இதைக் கண்டு வருந்துகின்றனர். அவ்வருத்தம் நியாயமே. அடியேன் திருத்தகப்பனார் தாம் ஒருமுறை சொல்ல அடியேனை இருமுறை சொல்லச் செய்து நாலாயிரத்தையும் ஸந்தை சாதித்தார். பாடம் முற்றும் வரையில் அச்சுப் புத்தகத்தைக் கண்ணில் காட்டவில்லை. எனினும் நகரத்தில் காலை எட்டு மணிக்குக் காரியாலயம் புறப்படும் ஒருவர், ஆறு மணிக்குப் புத்தகத்தோடு வந்து நிற்பதை அடியேன் குறைசொல்லத் துணியேன். பார்த்துச் சொல்லுவது வருமளவும் அவர் பார்த்தே சொல்லட்டும். பாராமல் சொல்லும் வித்வானும் பார்த்துச் சொல்லும் அந்த ஸ்வாமியும் ஒருங்கே பொருளை விட்டு நடக்கும்போதுதான் சிக்ஷை நம் எல்லோரையும் ஒருசேரத் தொடுகிறது.

பொருளுக்கு வருமுன் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். இரு மரபுக்கும் உள்ள உறவு இங்கேதான் மிக நெருக்கம் என்பது அடியேன் துணிபு. யூதர்களின் பழைய வித்வான்களுக்கு ஸோபெரிம் என்று பெயர். எழுத்தர் என்பது பொருளாயினும், எண்ணுகிறவர்கள் என்றே தல்மூத் அப்பெயரை விவரிக்கிறது. தோராவின் எழுத்துக்களை எல்லாம் அவர்கள் எண்ணினார்களாம். பிற்காலத்தில் திபேரியா நகரத்து மசோரெத்துகள் பத்தாம் நூற்றாண்டளவில் இவ்வேலையை முற்றுவித்தனர். ஒவ்வொரு நூலின் முடிவிலும் இத்தனை வசனம் என்று தொகை குறித்தனர். ஐந்து நூல்களுக்கும் 5,845 வசனங்கள். இன்று எழுதும் சுருள்களில் 304,805 எழுத்துக்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சுருள் ஆகாது.

அதே பத்தாம் நூற்றாண்டை ஒட்டியே நம் தேசத்தில் ஸ்ரீமந்நாதமுனிகள் நாலாயிரத்தையும் மீட்டு வகுத்துத் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையோடு கற்பித்தருளினார். வகுத்தவர் எண்ணினார் என்பது வெளிப்படை. ஆனால் திருவாய்மொழியில் ஒரு பேராச்சரியம் உண்டு: எண்ணுவதற்கு மசோரெத்துகள் வேண்டியதில்லை; ஆழ்வாரே எண்ணி வைத்துவிட்டார். ஒவ்வொரு திருவாய்மொழியின் முடிவிலும் பலசுருதிப் பாசுரம் தன்னைப் பாடியவர் இன்னார், ஊர் இன்னது, இது ஆயிரத்தில் ஒரு பத்து என்று சொல்லியே நிற்கிறது. ஒரு பத்து முழுவதும் நழுவினாலும், ஒரு பாட்டு இடையில் புகுந்தாலும் அத்தொகையே காட்டிக்கொடுக்கும். அதற்குமேல் முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரையில் அந்தாதித் தொடை. வரிசை மாறினால் நாவே தடுக்கும். நூறு திருவாய்மொழிகளில் தொண்ணூற்றொன்பது பலசுருதியோடு பதினொன்று பாட்டு. பன்னிரு திருநாமங்களைப் பாடிய ஒன்று மட்டும் பதின்மூன்று. தொகை 1,102. யூதர்கள் நூலுக்கு வெளியே வேலியாக வைத்த கணக்கை நம்மாழ்வார் நூலுக்குள்ளேயே பயிராக வைத்தார்.

நம்மவர் வியாக்கியானங்களையும் எண்ணிப் பெயரிட்டதை இங்கே நினைக்கவேண்டும். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி. முப்பத்திரண்டு எழுத்து ஒரு படி என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கையே நூலுக்குத் திருநாமமாக்கியவர்கள் வேறெங்கேனும் உண்டோ அறியேன். உரையும் எண்ணிக் காக்கத்தக்கது, மூலத்தோடொத்த பெருமையுடையது என்பதல்லவோ இதன் தாத்பர்யம்? நாவில் மட்டும் காத்தோம் என்பவர்கள் இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

அழைத்தல் விஷயத்தில் ஒரு சிறு ஒற்றுமை. யூதர் சபையில் ஓய்வுநாளில் எழுவர் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கப்படுவர். ஆசாரிய வம்சத்தவருக்கு முதல் மரியாதை, லேவியருக்கு அடுத்தது, பின்னர் மற்றவர். நம் ஸந்நிதிகளில் அருளிப்பாடு சொல்லுவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவேண்டா. அதைச் சூழ்ந்து எழும் மனஸ்தாபங்களும் இரு சபைக்கும் பொதுவென்றே கேள்வி. வேற்றுமை எங்கேயென்றால், அங்கே வாசிக்கும் குரல் ஒன்று, இங்கே பல. ஒற்றைக் குரல் தவறினால் சபையே திருத்தும். பொருள் மாறும் பிழையானால் திரும்பிச் சென்று சரியாக வாசித்தேயாக வேண்டும். கோஷ்டியில் ஒருவர் பிழை மற்றவர் குரலில் மூழ்கிவிடும். பலர் கூடுவதால் பாடம் நிலைக்கிறது என்பது மெய். தனியொருவர் தம் பிழையோடேயே முப்பது ஆண்டு ஸேவித்துவிடலாம் என்பதும் மெய்.

இனிப் பொருள். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில், பாபிலோனிலிருந்து மீண்டுவந்த ஜனங்களுக்கு எருசலேமில் நீர்வாசலுக்கு எதிரே எஸ்றா மரத்தாலான மேடையில் நின்று காலைமுதல் நண்பகல் வரையில் வேதத்தை வாசித்தார் என்று நெகேமியாவின் ஆகமம் சொல்லுகிறது. புருஷர்களும் ஸ்திரீகளும் கேட்டறியத்தக்க எல்லோரும் கூடியிருந்தனர். லேவியர் ஜனங்களுக்குப் பொருளை விளங்கச்செய்தனர், கேட்டவர்கள் அழுதனர். அழுதார்கள் என்ற இந்த ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒலியை மாத்திரம் கேட்டவர் அழுவதற்கு இடமில்லை.

பின்னாளில் ஜனங்களின் பேச்சு அரமேயமாகி, எபிரேயம் வேதபாஷையாக நின்றபோது, சபையில் வாசிப்பவரருகே மெதுர்கமான் என்னும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நிறுத்தினர். அவருக்கு வைத்த விதிகள் மிகவும் ரஸமானவை. தோராவில் வாசிப்பவர் ஒரு வசனம் வாசித்து நிறுத்தவேண்டும். உடனே இவர் அதை அரமேயத்தில் சொல்லவேண்டும். வாசிப்பவர் குரலுக்கு மேல் இவர் குரல் எழலாகாது; இவர் குரலுக்கு மேல் அவர் குரலும் எழலாகாது. இவர் சுருளைப் பார்க்கவே கூடாது. பார்த்தால், இவர் சொல்லும் பெயர்ப்பும் சுருளில் எழுதியிருக்கிறதென்று கேட்போர் மயங்குவர். சில இடங்கள் வாசிக்கப்படும், ஆனால் பெயர்க்கப்படா. பூர்வர்களின் குற்றம் சொல்லும் சில கதைகள் அவ்வகையின. மூலத்துக்கு ஏடு, உரைக்கு நா. மூலத்துக்கு ஒருவர், உரைக்கு வேறொருவர். ஆனால் இருவரும் ஒரே சபையில், ஒரே பொழுதில், அடுத்தடுத்து. எமன் தேசத்து யூதர்கள் இன்றும் இம்முறையைக் கைக்கொள்கின்றனர்.

இதற்கு நம்மிடம் நேரான ஒப்பு கோஷ்டி ஸேவாகாலம் அன்று. அரையர் ஸேவையே. திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர் ஸ்வாமி குல்லாயும் தாளமுமாக எழுந்தருளிப் பாசுரத்தை இசையோடு ஸேவிக்கிறார். அதையே அபிநயத்தால் காட்டுகிறார். பின்னர் தம்பிரான்படி வியாக்கியானம் ஸாதிக்கிறார். மூலம், அபிநயம், உரை மூன்றும் பெருமாள் திருமுன்பே, கேட்போர் கலையுமுன்பே நடந்து முடிகின்றன. நாதமுனிகள் வகுத்த முறைக்குப் பூர்ணமான உருவம் இதுதான். சென்னையில் அரையர் பரம்பரை இல்லை. இங்குள்ளோர் இராப்பத்தில் நாளுக்கொரு பத்தாகத் திருவாய்மொழி ஸேவிப்பதைக் கேட்டு, இதுவே முழுமை என்று கருதுகிறார்கள். ஒரே இரவில் நூற்றுப்பத்துப் பாட்டு. அதிலும் எழுந்தருளுகைக்குமுன் முடிக்கவேண்டிய அவசரம். விரைந்து ஓதுபவனைச் சிக்ஷை எந்த வரிசையில் வைத்ததென்று மேலே சொன்னோம்.

பாசுரத்தின் ஒலியே போதும், பொருளறியாமல் ஸேவித்தாலும் கேட்டாலும் எம்பெருமான் உகப்பான் என்று பரிஹாரம் சொல்லுவாருண்டு. அவன் உகப்பான் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. யூதர்களிடத்திலும் இவ்வாதம் உண்டு: எஸ்தர் நூற்சுருளை எபிரேயத்தில் வாசிக்கக் கேட்டவன், அம்மொழி அறியாதவனாயினும், கேட்ட கடமையை நிறைவேற்றியவனே என்று மிஷ்னா விதிக்கிறது. அப்படி விதித்த அதே ஆசாரியர்கள்தாம் மெதுர்கமானையும் நிறுத்தினார்கள். கடமை கழிவது வேறு, உள்ளம் நிறைவது வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் விஷயத்தில் இந்தப் பரிஹாரம் இன்னும் பலமற்றது. ஸம்ஸ்க்ருத வேதத்துக்கு அதிகாரி நியமம் உண்டு. அனைவர்க்கும் பொருள் புலப்படவேண்டுமென்றே ஆழ்வார் த்ராவிட வேதமாக வெளியிட்டருளினார் என்று ஆசார்ய ஹ்ருதயம் முதலாகப் பூர்வர்கள் ஸமர்த்திக்கிறார்கள். தமிழில் வந்ததே பொருள் விளங்குவதற்காக என்று ஒரு கையால் பெருமை பேசி, பொருள் விளங்கவேண்டா என்று மறுகையால் தள்ளுவது பொருந்துமோ?

யூதர்களின் ஓராண்டு முறைக்கு நிகரான ஒன்று நம் ஸம்ப்ரதாயத்திலும் நடந்திருக்கிறது. அதை இவ்வொப்புமையாளர்கள் நினைப்பதேயில்லை. நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிக்கு அர்த்தம் ஸாதிக்கக் கேட்ட வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் அதை ஏடுபடுத்தினார். ஆசார்யர் நியமனமின்றி எழுதியதாகையால் நம்பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அளித்தருளினார். பரம்பரையாக ஒருவர் ஒருவர்க்கு உபதேசித்து வந்து, திருவாய்மொழிப் பிள்ளை வழியாக மணவாள மாமுனிகளை அடைந்தது. 1432-ல் நம்பெருமாள் நியமனத்தாலே மாமுனிகள் பெரிய திருமண்டபத்தில் ஆவணி தொடங்கி மறு ஆண்டு ஆனித் திருமூலம் வரையில் ஈட்டைப் பரஸ்யமாக ஸாதித்தருளினார். ஓராண்டளவும் தனக்கு உத்ஸவங்களை நிறுத்திவைத்து நம்பெருமாளே கேட்டருளினான் என்பது பெரியோர் வார்த்தை. எழுதக்கூடாதென்றிருந்தது எழுதப்பட்டு, மறைத்து வைக்கப்பட்டு, முடிவில் அனைவரும் கேட்கச் சபையேறியது. மிஷ்னாவும் வாய்மொழியாகவே இருந்து, கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் இவ்விரண்டு சரித்திரங்களையும் ஒருங்கே நினைத்து வியப்பார்கள். ஆனித் திருமூலத்தன்று நாம் தனியன் அவதரித்ததைக் கொண்டாடுகிறோம். அதற்கு முன் ஓராண்டு நடந்தது பொருள் சொன்னதும் கேட்டதுமே என்பதை நினைப்பவர் சிலர்.

யூதர்களைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, அவர்கள் எங்கோ தூரதேசத்தவர் என்று விட்டுவிடலாகாது. சென்னைக் கோட்டையின் தொடக்கக் காலத்தில் வைரமும் பவளமும் வாணிகம் செய்த யூதர்கள் இங்கேயே வாழ்ந்தனர். பவளக்காரத் தெரு அவர்களை நினைப்பூட்டுகிறது. நம் மயிலைக்கு அணித்தாக லாயிட்ஸ் சாலையில் அவர்களுடைய சிறு இடுகாடு இருக்கிறது. ஆயினும் வேதவாசிப்பு நெடுங்காலம் நிலைத்து நடந்த இடம் கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம் அரண்மனைக்கும் பகவதி கோயிலுக்கும் ஒட்டினாற்போல் நிற்கிறது. பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000-ஐ ஒட்டி ஜோசப் ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ண உரிமை அளித்த வட்டெழுத்துச் செப்பேடு அங்கே காக்கப்பட்டது. தோராச் சுருள்களுக்கு வெள்ளியும் பொன்னும் இழைத்த பேழைகள். திருவிதாங்கூர் மன்னர் அளித்த பொற்கிரீடம் ஒன்றும் உண்டு. வாசிப்பு முற்றி மறுபடி தொடங்கும் திருநாளில் அச்சுருள்களை ஏந்திக்கொண்டு ஆலயத்துக்கு வெளியே வலம்வருவது கொச்சிக்குரிய வழக்கம். ஸ்ரீகோசம் எழுந்தருளப் பண்ணுவதைக் கண்டவர்களுக்கு இது அயலாகத் தோன்றாது. அவர்கள் சுருளை ஆராதிப்பதில்லை என்பதும், நமக்குள்ள அர்ச்சாவதார நிஷ்டை அங்கில்லை என்பதும் தெரிந்ததே. அந்த பேதத்தை மறைத்து ஒற்றுமை பேச அடியேனுக்கு விருப்பமில்லை.

கேரள யூதர்களின் ஜெபாலயங்களில் மற்றெங்கும் காணாத ஓர் அமைப்பு உண்டு. கீழே நடுவில் உள்ள மேடையன்றி, மேல்மாடத்தில், ஸ்திரீகள் இருக்கும் பகுதியின் முன்பாக, இரண்டாவது வாசக மேடையொன்று இருக்கும். விசேஷ நாட்களில் தோரா அங்கிருந்து வாசிக்கப்படும். அவர்களுடைய வேதப் பகுதிகளைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்து வாய்மொழியாகக் கற்பிக்கும் தம்ஸீர் என்னும் மரபும் இருந்தது. அரமேயத்தில் தொடங்கிய மெதுர்கமான், சேரநாட்டில் மலையாளம் பேசினார் என்று சொல்லலாம். அவர்களிடையே பட்டம் பெற்ற ரபிமார் இருந்ததில்லை. ஊரார் தாமே கற்றுத் தாமே வாசித்தனர்.

தோராவைப் பொதுவில் வாசிக்க, பிராயமடைந்த புருஷர் பதின்மராவது கூடியிருக்க வேண்டுமென்பது அவர்கள் விதி. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் தேசத்துக்குக் குடிபெயர்ந்தனர். பரவூர், சேந்தமங்கலம் ஜெபாலயங்கள் இன்று காட்சிசாலைகள். மட்டாஞ்சேரியில் ஆலயம் இருக்கிறது, விளக்குகள் இருக்கின்றன, சீனத்து நீலத் தளக்கற்கள் இருக்கின்றன. வெளியூர் யாத்திரிகர் வந்து எண்ணிக்கையை நிறைத்தாலன்றி வாசிப்பு இல்லை. ஏடும் போகவில்லை, மாளிகையும் போகவில்லை. கேட்கும் பதின்மர் போயினர்.

நமக்குப் பதின்மர் என்ற விதியில்லை. இருந்திருந்தால் நகரத்தில் பல ஸந்நிதிகளில் சாதாரண நாட்களின் ஸேவாகாலம் என்றோ நின்றிருக்கும். நால்வர் நின்று நித்யாநுஸந்தானம் ஸேவிக்கிறார்கள்; நால்வரில் மூவருக்கு எழுபது கடந்தது. அதே தெருவில் ஸபாமண்டபத்தில் மாலை உபந்யாஸத்துக்கு இருநூறு பேர் கூடுகிறார்கள். ஸந்நிதியில் மூலமிருக்கிறது, பொருளில்லை. ஸபையில் பொருளிருக்கிறது, மூலமில்லை. மண்டபத்தில் இருப்பவர் உபந்யாஸகரின் ரஸமான கதைக்காக வருகிறார். பாசுரம் அங்கே இரண்டடி வந்து போகிறது. நடப்பது இரண்டு வெவ்வேறு காரியம். இரண்டிலும் எஸ்றாவின் நீர்வாசல் இல்லை, பெரிய திருமண்டபமும் இல்லை.

அடியேன் விண்ணப்பிப்பது மிகச் சிறியது. ஈட்டில் ஒவ்வொரு திருவாய்மொழிக்கும் ப்ரவேசமும் ஒவ்வொரு பாட்டுக்கும் அவதாரிகையும் உண்டு. அவதாரிகை பெரும்பாலும் சில வாக்கியங்களே. வாரந்தோறும் ஒரு நாள் சாற்றுமுறைக்கு முன்னர் மூன்று திருவாய்மொழிகளை நிறுத்தி ஸேவித்து, அவற்றின் ப்ரவேசத்தையும் அவதாரிகைகளையும் ஒருவர் உரக்க வாசித்தால், அநத்யயன காலத்தை விலக்கியும் முப்பத்துநான்கு வாரங்களில் நூறும் முற்றும். இதற்கு மண்டபம் வேண்டா, ஒலிபெருக்கி வேண்டா, உபந்யாஸகருக்கு ஸம்பாவனையும் வேண்டா.

எதை வாசிப்பது என்பதில் மாத்திரம் பக்ஷபேதம் எழக்கூடும். மணிப்ரவாளம் இன்றையோர்க்கு விளங்காது, ஆகையால் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பு. ரா. புருஷோத்தம நாயுடு அவர்களின் ஈட்டின் தமிழாக்கத்தையே வாசிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அப்பெரியார் செய்த உபகாரம் அளவிறந்தது. தமிழ் மட்டும் அறிந்த பல்லாயிரவர்க்கு ஈட்டின் வாசலைத் திறந்தவர் அவரே. ஆனால் அது கண்ணால் படிக்க அமைந்த நூல். வாக்கியங்கள் நிரம்பி, இலக்கண வரம்புக்குள் அமைதியாக நடக்கின்றன. ஈடோ காதால் கேட்டது ஏடானது. நம்பிள்ளை நடுவில் நிறுத்துவது, தாமே வினவித் தாமே விடையிறுப்பது, பட்டர் இப்படி அருளிச்செய்தார், நஞ்சீயர் இப்படிக் கேட்டார் என்று முன்னோர் கோஷ்டியை இந்தக் கோஷ்டிக்குள் கொண்டுவருவது, பாதி வாக்கியத்தில் உருகி விடுவது எல்லாம் அதில் அப்படியே கிடக்கின்றன. உரக்க வாசித்தால் அக்குரல் மீண்டும் எழும். பெயர்ப்பில் அக்குரல் பணிந்து போயிற்று.

ஆகவே முதலில் ஈடு, பிறகு தமிழாக்கம். ஒருவர் ஈட்டின் வாக்கியத்தை வாசித்து நிறுத்த, மற்றொருவர் அவர் குரலுக்கு மேல் எழாமல் அதையே எளிய தமிழில் சொல்லட்டும். முதலாமவர் கையில் ஸ்ரீகோசம் இருக்கட்டும். இரண்டாமவர் கையில் ஒன்றும் வேண்டா; வீட்டில் நன்றாகப் படித்துக்கொண்டு வரட்டும்.